தேனீ இல்லாத தட்டு

"யூனிவர்சிட்டி படிப்புன்னு சொன்னே... ஈ பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் ராணி அக்கா கேட்டதில் தவறே இல்லை. மல்லிகைச் சரங்களுக்கு நடுவே கையில் வலையோடு நிற்பவனை வேறென்ன கேட்பார்?

"ஈ இல்லக்கா, தேனீ. ஆராய்ச்சிக்கு."

"அப்ப எல்லாத்தையும் புடிச்சுட்டுப் போ லா. கஸ்டமர் பயப்படுறாங்க!"

குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்த மாணவர்களுக்கென்றே நடக்கும் விடுமுறை ஆய்வு அது. தேனீயின் குடலில் என்னென்ன பாக்டீரியா குடியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். நன்றாகச் செய்யும் ஒருவருக்கு, விடுமுறை முடிந்த பிறகும் ஆய்வுக்கூடத்தில் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன் — ரொம்பவே வேண்டும்!

ஐஸ் பெட்டியில் தேனீக்களோடு, கிளமெண்டியில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு ரயிலேறினேன். இறங்கியதும் அகோரப் பசி. ஆய்வுக்கூட வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தயிர் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். ஐஸ் உருகுகிறதே என்ற அவசரம் வேறு... குழாயில் விரல்களை லேசாக நனைத்தேன். அதற்குப் பெயர் கை கழுவுதல் என்றே நினைத்தேன். அதே விரல்களால் கையுறையை இழுத்து இழுத்து மாட்டினேன். தேனீக் குடலை நீரில் கரைத்து, பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் தடவி வைத்தேன்.

மூன்றாம் நாள் பார்த்தால், என் தட்டுகளில் பாக்டீரியா வளர்ந்த வெள்ளைப் புள்ளிகள் தைப்பூசக் கூட்டம் போல! மற்றவர்கள் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். இடம் எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அப்புறம்தான் கடைசித் தட்டைத் திறந்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தேனீயே சேர்க்காமல் வெறும் தண்ணீர் தடவி வைத்தது. அதில் எதுவுமே வளரக் கூடாது.

அங்கேயும் தைப்பூசம்.

கூடத்தில் யாருமில்லை. குப்பைத்தொட்டி இரண்டடி தூரத்தில். ஒரே ஒரு தட்டுதானே... யாருக்குத் தெரியப்போகிறது? கை நீண்டது உண்மை. ஆனால், இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லித்தான் அந்த இடத்தை வாங்க வேண்டுமா?

எங்களுக்கு வழிகாட்டும் ஆய்வு மாணவி சுதா அக்காவிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அன்னிக்கு என்னடா சாப்பிட்டே?"

"தயிர் சாதம்."

"கையாலயா?"

"பின்ன, காலாலயா?"

சிரித்து முடிக்க அவருக்கு வெகு நேரமானது. "நாளைக்கு அந்தத் தயிரைக் கொண்டா."

அம்மாவிடம் ஒரு கரண்டி தயிர் கேட்டேன். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு டப்பா கொடுத்தார்.

தயிர் தடவிய தட்டிலும் அதே வெள்ளைப் புள்ளிகள். முடிவைச் சொல்லும் நாளில் பேராசிரியர் முன் மூன்று தட்டுகளையும் வரிசையாக வைத்தேன் — தேனீ, வெறும் தண்ணீர், அம்மாவின் தயிர். நான் இத்தனை நாள் தேடிப் பிடித்தது தேனீயை அல்ல, என் மதியச் சாப்பாட்டை. அறையே சிரித்தது.

இடம், சுத்தமான தட்டுகளோடு வந்த ஆங் மோ கியோ வட்டாரப் பெண்ணுக்குப் போனது. நியாயம்தான். வலித்ததும் உண்மைதான். பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சனிக்கிழமைகளில் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு!

பேராசிரியரிடம் உண்மையைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. அம்மாவிடம்? "தேனீ சரியில்லம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். தன் தயிரைக் குறை சொன்ன யாரையும் அவர் இதுவரை மன்னித்ததில்லை.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. வாரா வாரம் நான் பேப்பரில் எழுதும் இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுவது பக்கத்து வீட்டு மீனா அக்காதான்.

அக்கா, இந்த வாரம் பேப்பர் வரலைன்னு சொல்லிடுங்க, ப்ளீஸ்!