அம்மாவின் காணிக்கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மும்பையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஜூலை மாதக் காலை. அம்மாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வரலாம் என்று அவளையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவில் இருக்கும் வங்கிக்குப் போனேன். கிளம்பும்போதே, "மழையா இருக்குட்டி, இன்னொரு நாள் போவோம்" என்று அம்மா தயங்கினாள். நான்தான் கேட்கவில்லை. 

என்ட்ரி போட்டு வந்த பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய், ஒரே நாளில், மூன்று தடவையாக வெளியே போயிருந்தது. மிச்சம் நாலாயிரம் சொச்சம்.

அம்மா மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆயாவாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். நான் ஏழாவது படிக்கும்போது அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தாராவியில் ஒற்றை அறை வீட்டில் என்னை வைத்துக்கொண்டு, நைட் டியூட்டியும் பகல் டியூட்டியுமாக மாறி மாறிப் போய் ஆளாக்கினாள். அவளுக்கென்று பென்ஷன் வந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு செம்பூரில் என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். பென்ஷனில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. எதற்குச் சேர்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், தன் அடக்கச் செலவுக்கு. "எம் பெட்டிக்கும் குழிக்கும் ஒம் புருஷன் கைய எதிர்பாக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

விசாரித்தால், இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு போன் வந்ததாம். வங்கியிலிருந்து பேசுவதாக, நல்ல மரியாதையான இந்தியில் ஒருவன். "மாஜி, உங்க விவரம் புதுப்பிக்கலை, இன்னிக்குச் செய்யலைன்னா பென்ஷன் பந்த் ஆயிடும்" என்றிருக்கிறான். போனுக்கு மெசேஜில் வந்த ஓடிபி நம்பரை மூன்று முறை அவனுக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலமே ஏதோ தப்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் சொல்லப் பயந்து, பதினைந்து நாளாக மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடாததை நான் கவனித்தேன். மழைக்காலம், பசி மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வங்கியில் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் நான் கத்தினேன். "ஒனக்கு மூளை இல்லையா? ரெண்டு வாரமா வாயத் திறக்காம இருந்திருக்க! அன்னிக்கே சொல்லியிருந்தா பாதியாவது பிடிச்சிருக்கலாம்லா!" அம்மா குடையை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் காலடியில் தேங்கிக்கொண்டிருந்தது. கவுன்டரில் இருந்த பெண்தான் எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

போலீஸில் புகார் கொடுத்தோம். பணம் வரவில்லை.

அன்றே எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டேன். பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாம் என் பீரோவுக்கு வந்துவிட்டன. வங்கியிலிருந்து வரும் மெசேஜ்கள் என் போனுக்கு வரும்படி மாற்றினேன். அம்மாவுக்கு வெறும் பட்டன் போன். அவள் எல்லாவற்றையும் தானாகவே எடுத்துக் கொடுத்தாள். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். அவள் பென்ஷனில் ஒரு ரூபாய்கூடத் தொடாமல், மருந்துக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று ஒழுங்காக எழுதி வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, கோயிலுக்குக் கிளம்பும்போது அம்மா கேட்டாள். "ஏட்டி, எம் பணத்துல தசமபாகம் எடுத்துத் தா."

நாங்கள் கிறிஸ்தவர்கள். பென்ஷன் வந்ததும் அதில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்துக் கவரில் போட்டு வைத்துவிட்டுத்தான் அம்மா மற்றச் செலவைப் பார்ப்பாள். முதல் ஞாயிறு அந்தக் கவர், மற்ற ஞாயிறுகளில் இருபதோ ஐம்பதோ. நான் போனை எடுத்துக் காட்டினேன். "நான் காலையிலேயே சபைக் கணக்குக்கு அனுப்பிட்டேம்மா. ஒம் பேருலதான். ரசீதுகூட வந்துட்டு பாரு. ஒனக்கு எதுக்குக் கையில பணம்?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரசீதைப் பார்த்தாள். "சரிட்டி" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. நானும் மாதம் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தாராவியில் எங்கள் பழைய சபைக்குத்தான் இன்னும் போய்க்கொண்டிருந்தோம். நான் பாடகர் குழுவில் இருப்பதால் முன்னால் ஓரமாக உட்காருவேன். அம்மா பெண்கள் பக்கம் நடு வரிசையில் இருப்பாள். எட்டு மாதம் இப்படிப் போனது. மார்ச் மாதம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாட முடியாததால் அந்த ஞாயிறு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் சபை மூப்பர் ஒருவர் பையோடு வரிசை வரிசையாக வந்தார். அம்மா முந்தானைக்குள் கையை விட்டு எடுத்தாள். மூடிய கையைப் பைக்குள் ஆழமாக விட்டு, மெதுவாக வெளியே எடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு அப்போது முதலில் வந்தது சந்தேகம்தான். அம்மாவிடம் பணம் ஏது? யார் கொடுத்தது? பக்கத்து வீட்டில் யாரிடமாவது கை நீட்டுகிறாளா? பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேவிட்டேன்.

"எம்மா, பையில எவ்ளோ போட்ட? யாருட்ட வாங்குன?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். திருடிவிட்டு அகப்பட்ட குழந்தையைப் போல முகம் சுருங்கிவிட்டது.

"யாருட்டயும் வாங்கலட்டி. கைய மட்டுந்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. என்னம்மா சொல்லுத என்றேன்.

"பை வரும்போது எல்லாரும் போடுதாங்க. நான் மடியில கைய வச்சிட்டு இருந்தா பக்கத்துல உள்ளவங்க என்ன நெனைப்பாங்க? அதான் சும்மா போட்டு எடுத்துருவேன். ஆண்டவருக்குத் தெரியும், அவர் ஒண்ணும் நெனைக்க மாட்டார்."

"எத்தன நாளா?"

"நீ எல்லாத்தையும் வாங்கி வச்சதுல இருந்து."

"நான்தான் மாசாமாசம் அனுப்புதேன்லாம்மா!"

"நீ அனுப்புத. ஆண்டவருக்குப் போயிரும். நான் இல்லங்கல. ஆனா நான் குடுக்கலல்லாட்டி" என்றாள். கோபமே இல்லாத குரல்.

பஸ் வந்தது. போனது. நான் ஏறவில்லை. அவ்வளவு பேர் நிற்கும் இடத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எட்டு மாதம், ஒவ்வொரு ஞாயிறும், வெறும் கையை மூடி எடுத்துக்கொண்டு போய், நான் பத்தடி தள்ளி நின்று பாடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பைக்குள் விட்டு எடுத்திருக்கிறாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாம்மா" என்றேன். "பணத்தத் தொலச்சவ நான்லா, எந்த மூஞ்சிய வச்சிட்டுக் கேக்க?" என்று சொல்லி, தன் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் பாஸ்புக்கைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். அவள் வாங்கவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு, நீயே வச்சிக்க. ஆனா என்னையும் கூட்டி வச்சிப் பேசு" என்றாள். அப்படித்தான் மாதத்தில் முதல் சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கென்று ஆனது. டிவியை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். முதலில் அம்மா ஜெபிப்பாள். அதன் பிறகு நான் வரவு செலவைச் சத்தமாக வாசிப்பேன். தசமபாகத்துக்காக நான் எடுத்து வந்திருக்கும் நோட்டுகளை அவளே எண்ணிக் கவரில் போட்டு மூடுவாள். பிறகு மருந்துக் கடைக்கு எவ்வளவு, பழைய கூட்டாளி ஒருத்திக்குக் கண் ஆபரேஷனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்றெல்லாம் பேசுவோம். நான் ஏதாவது வேண்டாம் என்றால் தர்க்கம் பண்ணுவாள். அவள் தர்க்கம் பண்ணுவதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

எனக்கு முன்கோபம் அதிகம். பணம் என்று வந்தால் யார் என்று பார்க்காமல் குரல் ஏறிவிடும். ஆனால் அவள் ஜெபித்து முடித்த பிறகு என்னால் சத்தம் போட முடிந்ததில்லை. இத்தனைக்கும் அவள் ஜெபத்தில் ஒரு இடம் எனக்குப் பிடிக்காது. "எங்கிட்ட எடுத்தவனுக்கும் பிள்ளைங்க இருக்கும் ஆண்டவரே, அவனுக்கு நல்ல புத்தியக் குடும்" என்பாள். அந்த இடத்தில் என் வாயிலிருந்து ஆமென் வந்ததே இல்லை.

இப்படி நான்கு சனிக்கிழமைகள்தான் கிடைத்தன. ஜூலை கடைசியில் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்தவளுக்கு வாய் கோணியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். பேச்சு திரும்பவில்லை. நான் பேசியது அவளுக்குக் கேட்டதா என்றும் தெரியாது. பெட்டிக்கும் குழிக்கும் நாங்கள்தான் கொடுத்தோம். என் கணவர் முகம் சுளிக்காமல்தான் செய்தார். ஆனாலும் அவள் தானே செய்துகொள்ள ஆசைப்பட்ட ஒரே காரியம் அது என்ற நினைப்பு அடக்கத்தன்று முழுவதும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வெறுங்கைக்காக, பாஸ்புக்கை மடியில் வைத்த அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வங்கியில் அத்தனை பேர் முன்னால் கத்தியதற்குக் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரை வரும். அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இப்போது சில சமயம், வயதான அப்பா அம்மா கணக்கை எப்படித் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். எந்த ஃபாரம், யார் கையெழுத்து என்று எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்பதை மட்டும் கடைசியில் இரண்டு தடவை சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு மாதம் அம்மாவின் பணத்தைப் பார்த்துக்கொண்ட நான், அம்மாவைக் கேட்டுக்கொண்டு அதைச் செய்தது அந்த நான்கு மாதம்தான் என்பது இன்றும் எனக்குத் தாளவில்லை.