பட்டனில் கட்டிய துணி

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வெளியிலிருந்து வந்த விசாரணை வக்கீல். அவர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடித்த ஆபீஸ் பெண். எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். எலெக்ட்ரீஷியன் அண்ணன். அப்புறம், வலது கையில் கட்டோடு நான்.

கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் கம்பெனி அது. பிரஸ் மெசினில் எனக்கு இரண்டு விரல் போயிருந்தது. மெசின் தானாக இறங்கியது, பழுதை எலெக்ட்ரீஷியன் பார்க்கவில்லை என்று புகார் கொடுத்திருந்தேன். எழுதியது என் மச்சான். இடது கையால் கையெழுத்துப் போட்டது நான். புகார் நின்றால் அண்ணனுக்குப் பதினாலு வருச வேலை போகும். நிற்காவிட்டால், உட்கார்ந்து செய்யும் வேலை தருகிறேன் என்று கம்பெனி எனக்குச் சொன்னது கிடைக்காது. ஏசி போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஜன்னல் திறக்காத ஜன்னல். கீழே பிரஸ் அடிப்பது தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டே இருந்தது.

அந்த மெசினில் இரண்டு பச்சை பட்டன். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரம் அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று அப்படி வைத்தது. நாங்கள் வலது பட்டனைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவோம். அது அமுங்கியபடியே இருக்கும். வலது கை தகடு வைக்கும், இடது கை மட்டும் அமுக்கும். எண்ணிக்கை ஏறும். எல்லோரும் செய்தோம். அண்ணன் சுற்றி வரும்போது பிளேடால் அறுத்து எடுத்துப்போவார். "இன்னா நைனா, மெசினுக்கு கோமணம் கட்டிக்கினு கீறியா?" என்பார். சிரிப்போம். அவர் போனதும் வேறு துணி கட்டுவோம்.

வக்கீல் ஒரு ஒழுங்கு வைத்தார். ஒருவர் சொன்னதை அடித்ததும் அந்தப் பெண் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டு, கேட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். படித்தவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். நான் படித்தது ஐந்தாவது. தாளைப் பார்த்தால் எனக்கு ஏறாது. காதால்தான் பிடிக்க வேண்டும். முதலில் என்னுடையதை வாசித்தாள். ஆஸ்பத்திரியில் படுத்து மனதுக்குள் நூறு முறை சொன்ன கதை. வேறு குரலில் கேட்டபோது, அதில் துணி இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அடுத்து சூப்பர்வைசர். தான் கவனமாக இருந்ததைக் காட்டத்தான் அவர் சொன்னார். விபத்து நேரத்தில் பின்னால் நின்று எண்ணிக்கை கேட்டாராம். நான் திரும்பிப் பதில் சொன்னேனாம். "எண்ணிக்கைதான் கேட்டேன் சார், கட்டச் சொல்லல," என்றார். மேலே இருந்து அவரை மணிக்கு இரண்டு முறை கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் கூப்பிட்டதை நான் மறந்தே போயிருந்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வக்கீல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாம் முறை கேட்கும்போது என் கழுத்து திரும்பியது நினைவு வந்தது. திரும்பும்போது இடது கை பழக்கத்தில் அமுக்கியதும்.

கடைசியில் அண்ணன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கொட்டினார். எங்கள் மெசினில் அறுத்த துணிகள். ஒரு குவியல். "ஒரு பட்டன கட்டிப்புட்டா, கை எங்க கீதுன்னு மெசினுக்கு இன்னா சார் தெரியும்?" என்றார். ரத்தம் காய்ந்து விறைத்த ஒன்றைத் தனியே வைத்தார். விபத்தன்று, கரண்டை நிறுத்திய கையோடு அவர் அவிழ்த்தது.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று வக்கீல் கேட்டார்.

"சொன்னா அவன் வேல பூடும். அதான் மறைச்சேன். இப்ப என் வேல பூடும்னு எட்தாந்தேன். ரெண்டும் நாந்தான்."

சூப்பர்வைசர் அந்தத் துணிகளைப் பார்த்ததே இல்லை என்றார். வீட்டிலிருந்துகூட எடுத்து வரலாம், யார் கட்டியது என்பதற்கு என்ன சாட்சி என்றார் வக்கீல். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் பாதி உண்மை. என்னுடையதுதான் அதில் குறைச்சல். அதுவரை அண்ணனை என் விரலை எடுத்தவராகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு குடோன் வாசலில் நிற்கிறேன். லாரி வந்தால் கேட் திறப்பேன். பன்னிரண்டு மணி நேரம், நின்றபடி. என் மனைவி அந்த நாளைப் பற்றிக் கேட்பதில்லை. அண்ணன் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். பொன்னேரி ஸ்டேஷனில் எப்போதாவது பார்ப்போம். நாஷ்டா ஆச்சா என்று கேட்பார். ஆச்சு என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வராது. சரியாகச் செய்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்ததில்லை. வேறு வழி இருந்ததா என்று யோசித்தால், அந்த அறைக் கதவு சாத்தியேதான் இருக்கிறது.

அன்று அந்த அறையில், புகாரில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று வக்கீல் கேட்டார். குவியலை என் பக்கம் இழுத்தேன். என் மனைவியின் பழைய புடவையில் கிழித்தவை எல்லாம் நீலப்பூ போட்டவை. இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, விறைத்துக் கிடந்ததன் பக்கத்தில் அடுக்கினேன். இவை நான் கட்டியவை என்று சொன்னேன். எத்தனை என்று கேட்டு அந்தப் பெண் அடித்துக்கொண்டாள்.

ஏழு.