கண் சிமிட்டாத நாற்பது நிமிடம்

மனநல ஆலோசனை மையத்தில் அந்த அம்மாளுக்கு 'மௌனம் மேடம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டுதான். அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. இருபத்து நான்கு வருடமாக மனிதர்களின் கஷ்டத்தைக் கேட்டுவந்தவர், கேட்கும்போது வாயைத் திறக்கமாட்டார். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் இவரும் சும்மா இருப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எதிராளி தொண்டையைச் செருமுவார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு பத்து வருடமாக அடைத்துவைத்திருந்ததை மடை திறந்தாற்போல் கொட்டித் தீர்த்துவிடுவார்.

இந்த வித்தையை அவர் தவம் கிடந்து கற்றதாகப் புதிதாகச் சேர்ந்தவர்கள் நம்பினார்கள். உண்மை வேறு. வேலையில் சேர்ந்த முதல் வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்திருந்தார். அன்று வந்த வங்கி ஊழியர் ஒருவர் தானாகவே பேசி, தானாகவே அழுது, தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, மேடத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பல் பிடுங்கிய குழி ஆறுவதற்குள் மேடத்துக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மையம் தன் ஆறு அறைகளையும் பூட்டிவிட்டு, இனி எல்லாம் திரையில்தான் என்று சுற்றறிக்கை விட்டது. மையத்தின் தலைவருக்குச் சுற்றறிக்கை என்றால் உயிர். வீட்டில் மனைவிக்கும் எண் போட்டுத்தான் எழுதுவார் என்று பேச்சு. இரண்டு நாள் பயிற்சியும் நடந்தது. வெளிச்சம் முகத்துக்கு நேரே விழவேண்டும், முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி தெரியவேண்டும், வந்தவரின் முகத்தைப் பார்க்காமல் கேமராப் புள்ளியைப் பார்க்கவேண்டும், அப்போதுதான் முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு மனிதரைப் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள அவரைப் பார்க்கக்கூடாது என்பதை மேடம் நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டுவைத்தார்.

மேடத்தின் வீட்டில் சாத்தினால் சாத்தியபடி நிற்கும் கதவு படுக்கையறைக் கதவு ஒன்றுதான். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மடக்கு மேஜையைச் செருகி அலுவலகம் ஆக்கினார்கள். புத்தக அலமாரிக்குக் கணவர் பொறுப்பேற்றார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீட்டில் இருந்த புத்தகமெல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டிகள். அவற்றையே மூன்று தட்டு நிறைய அடுக்கிவிட்டார். கணவன் கைவிட்ட துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பையனுக்குக் கணக்கு சுத்தமா வராது மேடம், அதையும் நீங்களே பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

வாத்தியாரிடம் ரகசியக் குரல் என்று ஒன்று உண்டு. மேடம் வேலையில் இருக்கும்போது அதில்தான் பேசுவார். முப்பத்தைந்து வருடம் கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேசிய தொண்டை அது. அவருடைய ரகசியம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் நிறுத்திவைத்த காருக்குள் சீட்பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் தன் கல்யாணத்தை நினைத்து அழுதார். ஒரு மருமகள் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, வெளியே மாமியாரின் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டார். அவர் கதையில் பாதி தண்ணீரோடு போயிற்று. இன்னொருவர் சாவு பயத்தை விவரித்தபடியே வெங்காயம் நறுக்கினார். எந்தக் கண்ணீர் எதற்கு என்று மேடத்துக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மௌனம் போணியாகவில்லை என்பதைத்தான் மேடத்தால் பொறுக்க முடியவில்லை. வழக்கம்போல அவர் சும்மா இருந்தால் எதிரே இருப்பவர் மனம் திறக்கவில்லை; திரையைத் தட்டினார்.

"ஹலோ? மேடம்? கேக்குதா?"

"மேடம், நீங்க அப்படியே நின்னுட்டீங்க."

ஒருவர் அழுகை தொண்டைவரை வந்த நேரத்தில், "ஒரு நிமிஷம் மேடம், நெட் போயிருச்சு" என்று எழுந்துபோய் மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்தபோது அழுகை வற்றிப்போயிருந்தது. பேச்சு முடிந்ததும் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மையத்தின் செயலி கேட்கும். மேடத்துக்குக் கிடைத்த சராசரி இரண்டே முக்கால். "நல்ல மேடம். நெட் மட்டும் மாத்தினா நல்லாருக்கும்" என்று ஒருவர் அக்கறையோடு எழுதியிருந்தார்.

தலைவர் போனில் கூப்பிட்டார். "மேடம், பத்து செகண்டுக்கு ஒரு தடவை எதையாவது அசைங்க."

"எதை சார்?"

"எதையாவது. தலையை, பேனாவை. ஆள் உசுரோட இருக்கறது தெரியணும், அவ்வளவுதான்."

மேடம் தலையாட்ட ஆரம்பித்தார். நன்றாக ஆடுகிற காதணியாகத் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டார். நட்சத்திரம் மூன்றைத் தொட்டது, கழுத்து பிடித்துக்கொண்டது. வாத்தியார் தைலம் தேய்த்துவிட்டபடி, "வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினா கழுத்து தப்பிக்கும்ல?" என்றார். அதற்கும் மேடம் தலையைத்தான் ஆட்டினார்.

ஒரே ஒருவரிடம்தான் அவர் ஆட்டவில்லை. வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு வரும் லிஃப்ட்காரர். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் பராமரிப்பது அவர் வேலை. கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் அவரும் மகளும் குடியிருந்தார்கள். மனைவி தவறி நான்கு வருடம் ஆகிறது. தனியாகப் பேச அவருக்கு வாய்த்த இடம் மொட்டைமாடியின் மோட்டார் அறை. கீழே யாராவது பட்டனை அமுக்கினால் போதும், முதுகுக்குப் பின்னால் பெரிய சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றும்; அது நிற்கும்வரை இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அதனால் மேடத்தின் மௌனம் அவருக்கு வித்தியாசமாகப் படவே இல்லை. பதினோரு வாரம் தூக்கம் வராததைச் சொன்னார், ரத்த அழுத்தத்தைச் சொன்னார், லிஃப்ட்டில் குப்பை போடுகிறவர்களைச் சொன்னார். அடியில் வேறு ஏதோ இருக்கிறது என்று மேடத்துக்குத் தெரியும். அது தானாக மேலே வரட்டும் என்று விட்டிருந்தார்.

பன்னிரண்டாவது வியாழன், ஐந்தேகால் மணிக்கு, "மேடம், இன்னிக்கு ஒண்ணு சொல்லிடறேன்" என்று லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடம் தலையைச் சற்றே சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டார். அந்த நொடி திரையிலிருந்து லிஃப்ட்காரர் காணாமல் போனார்.

இப்படிப் போனவர்களை ஆலோசகர் தேடிப் போகக்கூடாது, போனில் கூப்பிடக்கூடாது, கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு 'வாடிக்கையாளர் விலகினார்' என்று குறிக்கவேண்டும் என்பது சுற்றறிக்கை முப்பத்தொன்று. மேடம் கால் மணி நேரம் காத்திருந்தார், குறித்தார், கட்டிலில் குவிந்துகிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தார். வாத்தியாரின் ஏழாவது பனியனை மடித்துக்கொண்டிருந்தபோது செயலியில் ஒரு செய்தி வந்தது.

'மேடம், ரொம்ப நன்றி. இருபத்திரண்டு வருசமா யார்கிட்டயும் சொல்லாததை உங்ககிட்ட சொல்லிட்டேன். நாப்பது நிமிசம் கண்ணைக்கூட சிமிட்டாம கேட்டீங்க. முடிச்சு வணக்கம் சொன்னப்பவும் அப்படியே பாத்துட்டு இருந்தீங்க. எனக்குத்தான் கட் பண்ண வரல. போனையே அணைச்சுட்டேன்.'

மேடம் பனியனைக் கீழே வைத்துவிட்டுச் செய்தியை மறுபடி படித்தார். லிஃப்ட்காரரின் பழைய போனில் திரை உறைந்து நின்றுபோயிருக்கிறது. தலையைச் சாய்த்துக் கேட்கிற பாவனையில் மேடத்தின் முகம் அதில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மனுஷன் ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

உடனே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். 'ஐயா, எனக்கு ஒன்றும்' என்றுவரை எழுதினார். அழித்தார். இரண்டே முக்காலுக்கும் மூன்றுக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தவரிடம், உங்களைப் போல உண்டா என்று ஒருவர் சொல்லிவிட்டார்; உச்சி குளிர்ந்துபோனது. கடைசியில் இரண்டு கைகளும் கும்பிடுகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பிவைத்தார். இருபத்து நான்கு வருடத்தில் அவர் செய்த பெரிய அயோக்கியத்தனம் அந்தப் பொம்மைதான்.

மறுநாள் லிஃப்ட்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'கண்ணைக்கூட சிமிட்டாம கேட்டாங்க' என்று செயலியிலும் எழுதினார். தலைவர் அதை அப்படியே எடுத்து மையத்தின் விளம்பரத்தில் போட்டார்: 'கண் சிமிட்டாமல் கேட்கிறோம்.' புதன்கிழமை மற்ற ஆலோசகர்களுக்கு மேடம் ஒரு வகுப்பு எடுக்கவேண்டியதாயிற்று. தலைப்பு, 'திரையில் மௌனம்'. பதினாறு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். தலையை எந்தப் பக்கம் சாய்த்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். இடது பக்கம் என்று மேடம் சொன்னார். பதினாறு பேரும் இடது பக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு பொய் பதினாறாகப் பெருகியது. அதைவிடப் பெரிய உபத்திரவம், அந்த மனுஷன் அப்படி என்னதான் சொல்லியிருப்பார் என்ற அரிப்பு. குளிக்கும்போதும் அதே நினைப்பு, காய் வாங்கும்போதும் அதே நினைப்பு.

வியாழன் ஐந்து மணிக்கு லிஃப்ட்காரர் சவரம் செய்த முகத்தோடு வந்தார்.

"மேடம், நல்லா தூங்கறேன். ஆனா ஒரு முடிவு எடுக்கணும். பாப்பாவுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு, சனிக்கிழமை கெளம்புறா. நான் சொன்ன விஷயத்தை அவகிட்ட சொல்லி அனுப்பறதா, சொல்லாம அனுப்பறதா? நீங்க முழுசா கேட்டிருக்கீங்க. நீங்க சொல்றபடி செய்யறேன்."

மேடம் ஆலோசகர்களின் பழைய கேள்விப் பையைத் துழாவினார். "உங்க மனசு என்ன சொல்லுது?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே."

"அதுல உங்களுக்கு ரொம்ப பாரமா இருக்கற பகுதி எது?"

லிஃப்ட்காரர் யோசித்தார். "ரெண்டாவது பகுதிதான் மேடம்."

"அந்த ரெண்டாவது பகுதியை... இன்னிக்கு நெனச்சுப் பாத்தா எப்படி இருக்கு?"

"முதல் பகுதி மாதிரி இல்ல. அது உங்களுக்கே தெரியும்."

மேடம் எவ்வளவு வாயைப் பிடுங்கினாலும் அவர் பிடி கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்றில்லை, முழுசாகக் கேட்டவரிடம் சொன்னதையே திரும்பச் சொல்வது மரியாதையில்லை என்று அவர் நினைத்தார்.

"சொல்லுங்க மேடம்," என்றார். "பாப்பாகிட்ட சொல்லட்டுமா?"

சரி என்றால் ஒரு பெண்ணின் தலையில் எதை இறக்கச் சொல்கிறோம் என்று மேடத்துக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் எதை மறைக்கச் சொல்கிறோம் என்றும் தெரியாது. இரண்டில் ஒன்றை அவர் சொன்னால் இந்த மனுஷன் அப்படியே செய்வார்.

"ஐயா, போன வாரம் நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல."

"மோட்டார் சத்தமா மேடம்?" என்று அவரே கை கொடுத்தார்.

"இல்ல. உங்க போன் நின்னுபோச்சு. நீங்க பாத்தது என் படம். நான் இங்க துணி மடிச்சிட்டிருந்தேன்."

"கும்பிடு போட்டீங்களே?"

"போட்டேன். நீங்க பாராட்டினது நல்லாருந்துச்சு, அதனால மறைச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

லிஃப்ட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சக்கரம் ஒருமுறை சுற்றி நின்றது. திட்டுவார் என்று மேடம் காத்திருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்வதற்கும் தயாராக இருந்தார்.

"அப்போ யாருமே கேக்கல," என்றார் அவர் சுவரைப் பார்த்து. பிறகு திரைப் பக்கம் திரும்பினார். "இதை வாய்விட்டு சொன்னா அந்த எடத்துலயே விழுந்து செத்துருவேன்னு நெனச்சிருந்தேன் மேடம். நாப்பது நிமிஷம் சொல்லியிருக்கேன். ஒண்ணும் ஆகல. போனை அணைச்சுட்டு இறங்கிப்போய் மூணாவது மாடி கதவை சரி பண்ணினேன்."

"இப்ப சொல்லுங்க ஐயா. நான் கேக்கறேன்." அதில் பாதிதான் அவருக்காகச் சொன்னது. மீதிப் பாதி மேடத்தின் அரிப்பு.

"இல்ல மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவை சொல்றதுக்குத்தான் எங்கிட்ட தெம்பு இருக்கு. அதை உங்ககிட்ட செலவழிச்சுட்டா அவகிட்ட சொல்ல மிச்சம் இருக்காது."

கையிலிருந்த போனைக் கருவிப் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு அவர் எழுந்தார். சுவரில் இருந்த இன்டர்காமை எடுப்பது தெரிந்தது. "பாப்பா, மேல வா. ஒண்ணுமில்லம்மா, பயப்படாத. வா." போன் ஒன்று அங்கே திறந்தபடி இருப்பது அவருக்கு மறந்தே போய்விட்டது.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பன்னிரண்டு மாடி. மேடத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. இத்தனை மாதத்தில் நெட் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. 'வாடிக்கையாளர் துண்டிக்கும்வரை ஆலோசகர் துண்டிக்கக்கூடாது' என்பது சுற்றறிக்கை பத்தொன்பது. சட்டம்கூட அவர் பக்கம் இருந்தது. தன் ஒலிவாங்கியை மட்டும் அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்கார்ந்திருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சக்கரம் நின்றது. இரும்புக் கதவு திறந்தது.

"என்னப்பா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"உக்காரும்மா. உங்கம்மா உங்கிட்ட சொல்லவேணாம்னு சொன்னா. நானும் இத்தனை நாள்..."

கேட்கவேண்டும் என்று மேடத்துக்கு உயிர் துடித்தது. ஒரு வார்த்தை, இன்னும் ஒரே ஒரு வார்த்தை. திரையில் அந்தப் பெண்ணின் முழங்கையும், அதை நோக்கி நீண்ட ஒரு கிரீஸ் படிந்த கையும் தெரிந்தன.

மேடம் சிவப்புப் பட்டனை அமுக்கினார். அவர்கள் பேச்சு அவர்களோடு போயிற்று. லிஃப்ட்காரருக்கு ஒதுக்கிய நேரம் முடியும் ஆறு மணிவரை மேடம் அணைந்த திரையின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார்.