சிவப்புப் பாவாடைக்கு நின்ற டவுன் பஸ்

உறையூரில் ஒரு குளத்துக்கு எதிரே, சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் எங்கள் இஸ்திரி வண்டி நிற்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அன்றிலிருந்து இந்த வேலைதான். போன மழைக்காலத்தில் அந்த மரத்துப் பொந்தில், இரண்டு மாடி உயரத்தில், ஒரு ஜோடி காட்டு வாத்து குடிவந்தது. செம்மண் நிறம். பறக்கும்போது விசில் அடிக்கும். வாத்து மரத்தில் முட்டையிடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அது அடையில் உட்கார்ந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குஞ்சுக்கு இறக்கை முளைக்குமுன் அவ்வளவு உயரத்திலிருந்து எப்படி இறங்கும்? இறங்கினாலும் பஸ் ஓடுகிற ரோட்டைத் தாண்டித்தானே குளம்?

"ஏணி கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றேன் மனைவியிடம்.

"நீங்க ஏறி விழுந்தா உங்களை யாருங்க இறக்குறது?" என்றாள். "கரி அணையுது பாருங்க."

ஒருநாள் காலை, பஸ் நெரிசல் நேரத்தில், தாய் வாத்து தரையில் நின்று விசில் அடித்தது. பொந்திலிருந்து ஒரு பஞ்சுருண்டை விழுந்தது. தேய்க்க வந்த போர்வையைப் பதறிப்போய் உதறி விரித்தேன். ஒன்றுகூட அதில் விழவில்லை. எல்லாம் மண்ணில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, எழுந்து ஓடின. எட்டு எண்ணினேன்.

தாய் நேராக ரோட்டில் இறங்கியது. எட்டும் வால் பிடித்தாற்போலப் பின்னால். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் வேகமாக வந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்த துணிமூட்டையில் கைக்குக் கிடைத்த சிவப்புத் துணியை உருவி, நடுரோட்டில் நின்று ஆட்டினேன். பஸ் கிரீச்சென்று நின்றது.

கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். "அண்ணே, சிவப்புக்குப் பாவாடை சரி. பச்சைக்கு எதைக் காட்டுவீங்க?"

அப்போதுதான் கையைப் பார்த்தேன். பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரம் எங்கள் தெரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். மூட்டையும் அவருடையதுதான். "தம்பி, பார்த்தது போதும், அதை மடிச்சு வைங்க" என்றார் முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு.

எட்டும் குளத்தில் இறங்கிவிட்டன. பொந்திலிருந்து இன்னும் கீச்சென்று ஒரு சத்தம்.

"ஒண்ணு மேலேயே நிக்குது! கொஞ்சம் பொறுங்க சார்" என்றேன்.

"அதுக்காக நான் டெப்போவுக்கு லீவு சொல்ல முடியுமாண்ணே?" கண்டக்டர் கிளம்புவதற்காக விசிலை வாயில் வைத்து நீட்டி ஊதினார்.

ஒன்பதாவது குதித்தது.

"விசிலுக்கு இறங்கிடுச்சு டோய்!" என்று பஸ்ஸுக்குள் யாரோ கத்தினார்கள். கண்டக்டருக்கே வாய் பிளந்துவிட்டது. குஞ்சு தாயை விட்டுவிட்டு பஸ் படியை நோக்கி ஓடியது. என் மனைவி முந்தானையால் அள்ளி, ரோட்டைத் தாண்டி, குளத்துப் படியில் விட்டாள். விட்டதும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், மற்ற எட்டையும் முந்தித் தாயின் கழுத்தடியில் ஒட்டிக்கொண்டது.

"இப்ப நிம்மதியாங்க?" என்றாள்.

நிம்மதிதான். பஸ் போன பிறகும் பாவாடையை மடிக்க மறந்து, தோளில் போட்டுக்கொண்டு, ஒன்பதையும் பார்த்துச் சிரித்தபடி நின்றேன்.