ஃபிலோமினா அக்காவின் பாதக் கோடுகள்

அக்கா இறந்த செய்தி ஒரு கேள்வியோடு வந்தது. "சார், ஃபிலோமினா பொண்ணு ஜெனிபர் பேசறேன். அம்மா காலைல போயிட்டாங்க. உங்ககிட்ட அவங்க போட்டோ ஏதாவது இருக்கா?"

ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். நாங்கள் பார்த்து வரைய மாடலாக நின்றவர். அவருடைய அம்மாவும் அங்கே மாடல்தான். சிற்பப் பிரிவுக்குக் களிமண் சுமக்க வந்தவரை ஓர் ஆசிரியர் உட்காரச் சொன்னாராம். அப்போது மடியில் கைக்குழந்தை. "நடக்கறதுக்கு முன்னாலயே போஸ் குடுத்தவ நானு" என்பார் அக்கா.

மாடல் நிற்கும் மேடையை விட்டு இறங்கினால் ஒரு நிமிடம் உட்காரமாட்டார். சேலையூரிலிருந்து என் சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்தால் ஜன்னலைத் திறப்பார், மூடுவார், பாத்திரங்களை இடம் மாற்றுவார். கேட்டால், "அங்க ஆடாம நின்னுகினு இருந்ததுக்கெல்லாம் சேர்த்து இங்க ஆடறேன் தம்பி" என்பார்.

இடைவேளைக்கு முன் தன் பாதங்களைச் சுற்றித் தானே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வார். தேநீர் குடித்துவிட்டு வந்து அதே கோட்டுக்குள் நிற்பார். "காலு வந்துட்டா மீதியெல்லாம் தானா வந்துடும்" என்பது அவர் கணக்கு.

போட்டோவுக்கு மட்டும் முகம் காட்டமாட்டார். மாடல் வேலை என்றால் ஊர் தப்பாகப் பேசும் என்று, கல்லூரி விடுதியில் சமையல் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தார். ஜெனிபருக்குக் கீழ்க்கட்டளையில் மாப்பிள்ளை பார்த்தபோது, "நீ எங்கயும் வாயத் தொறந்துடாத தம்பி. அவ நல்லா இருக்கணும்" என்றார். கல்யாணப் படங்களில்கூட யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறார்.

என்னிடம் இருந்தவை ஓவியங்கள். தரையெல்லாம் பரப்பிவிட்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். கொண்டுபோனால் யார் வரைந்தது, எதற்கு என்று கேட்பார்கள். கொண்டுபோகாவிட்டால் மாலை போட ஒரு முகம் இருக்காது. கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் முகம் மட்டும் கரித்துண்டால் வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு சேலையூருக்கு வண்டியைக் கிளப்பினேன்.

பயந்தது நடந்தது. ஜெனிபரின் மாமியார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு வரைஞ்சது? இவங்கள எதுக்கு வரைஞ்சாங்க?"

"சும்மாதாம்மா, பழக்கத்துல..." என்று நான் மென்று விழுங்கினேன்.

ஜெனிபர் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா காலேஜ்ல மாடலா இருந்தாங்க அத்தை. பாட்டிக்கும் அதான் வேலை. அந்தச் சம்பளத்துலதான் நான் டீச்சரானேன்."

மாமியார், தள்ளி எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியைப் படத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஜெனிபரிடம் கேட்டேன், அம்மாவே சொன்னாரா என்று.

"இல்ல சார். புது போஸ்னா கிச்சன்ல நின்னு பார்த்துக்குவாங்க. தரையில சாக்பீஸ் கோடு இருக்கும். அவங்க வேலைக்குப் போனதும் நான் அதுக்குள்ள போய் நிப்பேன், ஆடாம நிக்கப் பார்ப்பேன். முடியாது. பெரியவளானதும் புரிஞ்சிடுச்சு, கேட்டப்ப பாட்டியும் தன் வேலையும் அதான்னு ஒத்துக்கிட்டாங்க. அவங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தாயும் மகளும் ஒரே வீட்டில் இத்தனை காலம் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கரிப்படத்தை அங்கேயே விட்டுவிட்டேன். மற்ற ஓவியங்களையும் ஜெனிபரிடமே கொடுக்கப் போகிறேன். எனக்கென்று வைத்துக்கொள்வது ஒரே ஒரு தாள்: மாணவனாக இருந்தபோது, தேநீருக்குப் போன அக்கா திரும்பி வரும்வரை பொழுது போகாமல் வரைந்தது. அதில் அக்கா இல்லை. மேடையும், அதன்மேல் இரண்டு பாதக் கோடுகளும் இருக்கின்றன.