உம்மாவின் பாதம்

உச்சிப்புளித் தையல் கடையில் மிஷின் எண்ணெய் வாசனை பட்டதும் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பின்னாளில் கடல் அரித்துக்கொண்டுபோன எங்கள் புதுமடத்து வீட்டில், எனக்குக் கால் எட்டும் முன்பே உம்மாவின் தையல் மிஷின் துருப்பிடித்து ஓய்ந்துபோய், மிதிகட்டையோடு ஸ்டாண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்து வீட்டு ஜமீலாவுக்கு அவள் வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த கரண்ட் மிஷின், அடிக்கடி கரண்ட் போய்விடும் ஊரில் சும்மா கிடந்ததால், எங்கள் ஸ்டாண்டைத் தூக்கிப்போய், மோட்டாரைக் கழற்றி, தோல்வார் மாட்டி அதில் பொருத்தினார்கள்.

ஜமீலா மிதித்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது.

"இங்கன வை காலை, எம் புள்ள" என்று அவள் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து உம்மா மதியமெல்லாம் மிதித்தாள். சுவருக்கு இந்தப்பக்கம் அந்தக் கடகடப்பைக் கேட்டபடி நான் படுத்திருந்தேன்.

எண்ணெய் வாசனைக் கையோடு வந்து எனக்குச் சோறு பிசைந்து தந்தாள். அந்தப் பாதம் என் பாதத்தின்மேல் ஒருநாளும் இருந்ததில்லை.