மார்லிஸின் ஜன்னலோர மேஜை

லூத்தரன் கோயில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி சாலை கொஞ்சம் மேடேறும். அந்த இடத்தில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றால் அது மார்லிஸின் கார்தான். கனடாவின் மனிடோபாவில், இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் பகுதி பலகை மாதிரித் தட்டை. செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் அந்த மேடு, அதை விட்டால் ஊருக்குள்தான் போக வேண்டும். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சூப்பைச் சூடு பண்ணி வைத்துவிட்டு வருகிற வேலை எங்களுக்கு. எல்லோரும் அந்த மேட்டில் வண்டியை நிறுத்தி, செய்ததை எல்லாம் போனில் எழுதி அனுப்பிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவோம். ஏற்கெனவே ஒரு கார் நின்றால், வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் பின்னால் நிறுத்துவார். வேலிக்கு அந்தப் பக்கம் உறங்குகிறவர்களுக்காக நான் ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுக் கிளம்புவேன். மார்லிஸ் ஜெபிப்பாளா என்று கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்திருப்பாள். அது தூக்கமாகவும் இருக்கலாம்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா ஐஸ்லாந்திலிருந்து வந்தவர். நாங்கள் மெனனைட் என்கிற கிறிஸ்தவக் கூட்டம், மெக்சிகோ போய்த் திரும்பி வந்தவர்கள். எனக்குப் படிப்பு சின்னப் பள்ளியோடு சரி. மார்லிஸ் என்னைவிடக் கொஞ்சம் படித்தவள், கொஞ்சம் மூத்தவள். புருஷன் போன பிறகு ஏரிக்கரை வீட்டில் ஒரு நாயோடு தனியாக இருந்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. கிழவர்களைத் தூக்கி உட்கார வைப்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. காரில் ஏறி இறங்குவதுதான் அவளைக் கொன்றது.

ஒரு குளிர்காலத்தில் பனிப்புயலில் அவள் கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. சிக்னல் இல்லாத இடம். பனி தள்ளும் வண்டி வந்து கண்டுபிடிக்கும்வரை சூட்டுக்கு ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு பனி விழத் தொடங்கினாலே ஸ்டியரிங்கில் அவள் கை நடுங்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் காரில் நான் போனதால் எனக்குத் தெரிந்தது. இன்னொரு குளிர்காலம் இப்படி ஓட்ட முடியாது என்று அன்றைக்குச் சொன்னாள். வேறு வேலையும் எங்கள் பக்கத்தில் கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் கோரின் அந்தச் செய்தியைச் சொன்னாள். கோரின் எங்கள் கிளை அலுவலகத்தின் மேற்பார்வையாளர், சின்ன வயசு, நல்ல மனசு. தலைமை அலுவலகம் வின்னிபெக்கில் இருக்கிறது. அங்கே ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். நாள்காட்டி, யார் எந்த வீட்டுக்கு என்கிற அட்டவணை, நாங்கள் எழுதும் குறிப்பு, கடிதம், கூட்டம் எல்லாம் இனி இணையத்திலேயே ஓர் அலுவலகமாக நடக்கும். அப்படி ஓர் அலுவலகத்தை விற்க மூன்று கம்பெனிகள் போட்டி போடுகின்றன. நம்மில் ஒருவர் மூன்றையும் வேலையில் வைத்துப் பார்த்து, வண்டியில் திரிகிறவர்களுக்கு எது சரிப்படும் என்று எழுதித் தர வேண்டும். அப்படிப் பார்க்கிறவர் பிறகு அலுவலகத்து ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். வீடு வீடாகப் போக வேண்டியதில்லை.

கோரின் பேசி முடிப்பதற்குள் மார்லிஸ் கையைத் தூக்கிவிட்டாள்.

வெளியே வந்ததும் நான் அவளைச் சீண்டினேன். “உன் அடுப்பில இருக்கிற கடிகாரம் போன வருஷம் கரன்ட் போனதிலேர்ந்து பன்னண்டுன்னே மினுக்கிட்டிருக்கு. நீ கம்ப்யூட்டரைப் பாத்துச் சொல்லப் போறியா?”

“எனக்கு அந்த அடுப்பைப் பாக்கவே எங்க நேரம்?” என்றாள். “மேஜை கெடைக்கட்டும். மொத வேலையா அதுல மணியைச் சரியா வெக்கறேன்.”

மூன்றுக்கும் பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. போனில் தெரியும் சின்னக் கட்டத்தின் நிறத்தை வைத்து நாங்கள் நீலம், பச்சை, ஆரஞ்சு என்றே சொன்னோம்.

முதலில் நீலம். பெரிய கம்ப்யூட்டரில் பார்த்தால் அழகோ அழகு. போனில் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடியது. ஒரு வரியைப் படிக்க விரலால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ள வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. அதனால் நாங்கள் கிழவர்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்தைக் கூப்பிட்டு வாயால் சொல்ல, அங்கே ஒருவர் உட்கார்ந்து ஏற்றினால்தான் காரியம் நடந்தது. நீலம் இருந்த நாட்களில் அந்த ஒருவர் மார்லிஸ்.

ஒருநாள் மதியம் நான் அலுவலகத்துக்குப் போனபோது, குப்பைக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காலை நீட்டி வைத்திருந்தாள். மேஜைமேல் வெயில் விழுந்திருந்தது. வீட்டிலிருந்து ஒரு ஜெரேனியம் பூத்தொட்டியைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்திருந்தாள். காதில் போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ, “மெதுவா சொல்லும்மா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்து பச்சை. மார்லிஸ் திரும்பவும் காருக்கு வந்தாள். பச்சையில் எல்லோரும் ஒரே அட்டவணையில் ஒரே சமயத்தில் எழுதலாம். யார் எழுதுகிறார்களோ அவர்கள் பெயர் அங்கங்கே நகர்ந்துகொண்டிருக்கும். தனியாகத் திரிகிறவர்களுக்கு அதைப் பார்க்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் எழுதும்போது நடுவில் சிக்னல் விட்டால் பச்சை ஒன்றும் சொல்லாமல் எழுதியதை விழுங்கிவிடும். எழுதினவளுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரியே இருக்கும்.

வாசில் கிழவருக்கு நடந்தது அப்படித்தான். அவர் உக்ரேனியர், பண்ணையில் தனியாக இருப்பவர், காது மந்தம். காலையில் மார்லிஸ் போய்க் குளிப்பாட்டி எழுதிவிட்டு வந்தாள். எழுதியது வந்து சேரவில்லை. மதியம் நான் போனேன். குளியல் பாக்கி என்று அட்டவணையில் இருந்தது. நானும் குளிப்பாட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சோப்பைப் போட்டுவிட்டேன். மரியாதை தெரிந்த மனிதர், பேசாமல் உட்கார்ந்திருந்தார். துடைத்துவிடும்போதுதான் சொன்னார்: “ஒரே நாள்ல ரெண்டு குளியல். என் கல்யாணத்துக்குக்கூட ஒரு தடவைதான் குளிச்சேன். எதாவது விசேஷம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க பொண்ணுங்களா.”

மேட்டில் வைத்து இதைச் சொன்னேன். மார்லிஸ் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். குளியலாகப் போனது, மாத்திரையாக இருந்திருந்தால் என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆண்டவர் காத்தார்.

கடைசியில் ஆரஞ்சு. பார்க்கக் கண்றாவி. பொத்தான்கள் எல்லாம் கொழுத்துப்போய், பழைய டிராக்டரின் முகப்பு மாதிரி இருக்கும். நாள்காட்டியில் ஒரு வீட்டை மாற்றி வைப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். எழுதியதைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சிக்னல் வரும் இடத்தைக் கார் கடக்கும்போது தானாக அனுப்பிவிடும். கையுறையைக் கழற்ற முடியாத நாளில் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும்.

நவம்பரில் ஒருநாள் வாசிலின் காலுறையைக் கழற்றினபோது ஒரு விரல் கறுத்திருந்ததை மார்லிஸ் பார்த்தாள். அங்கேயே எழுதிப் படமும் எடுத்துப் போட்டாள். அன்று பனி தூறிக்கொண்டிருந்தது. பனி கூடுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று மேட்டில் நிறுத்தாமலே போய்விட்டாள். ஆனாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. நர்ஸ் அன்றைக்கே வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விரல் போனது, பாதம் தப்பியது.

மூன்றையும் பார்த்து முடித்தாயிற்று. எழுதித் தர வேண்டியதுதான் பாக்கி. மார்லிஸ் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சாயங்காலம் மேட்டில் என் காரை அவள் காருக்குப் பின்னால் நிறுத்தியபோது, வந்து உட்கார் என்று கையைக் காட்டினாள். காருக்குள் நாய் வாடையும் ஆறிப்போன காபி வாடையும் அடித்தது.

“நீலம் வந்தா யாராவது ஒருத்தர் ஆபீஸ்ல உக்காந்தே ஆகணும், நெட்டி,” என்றாள். “ஆரஞ்சு வந்தா யாருமே உக்கார வேண்டாம்.”

“மேஜை உனக்குத்தான்னு கோரின் சொன்னாளே.”

“சொன்னா. அவ நல்ல பொண்ணு. மேல இருக்கிறவங்க, எதுக்கு இந்த மேஜைன்னு கேட்டா அவ என்ன பண்ணுவா?”

அவள் கையைப் பார்த்தேன். கார் நின்றுகொண்டிருந்தும் ஸ்டியரிங்கை விடவில்லை.

“நீலம்னே எழுதிடேன்,” என்றேன். “அதுவும் ஓடத்தானே செஞ்சுது.”

“வாசிலுக்கு இன்னும் ஒம்போது விரல் இருக்கு.” துடைப்பானைப் போட்டுக் கண்ணாடியில் ஒட்டின பனியை வழித்தாள். “அதோட, பொய் எழுதினா அதை ஞாபகம் வெச்சுக்கணும். அதுக்கெல்லாம் எனக்கு இப்பத் தெம்பு இல்ல.”

பிறகு ஆரஞ்சைத் திறந்து, என் முன்னாலேயே வாயால் சொல்லத் தொடங்கினாள். நீலம் அலுவலகத்துக்கு நல்லது, சாலைக்கு ஆகாது. பச்சையை நம்பக்கூடாது. ஆரஞ்சு அசிங்கமாக இருக்கிறது, நாள்காட்டியைச் சரிசெய்யச் சொல்லுங்கள், ஆனால் காரிலிருந்தே எல்லா வேலையும் முடிகிறது. இவ்வளவுதான். நடுவில் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். அதை ஆரஞ்சு எழுதிக்கொள்ளவில்லை.

அன்றிரவு அவளுக்காகத் தனியாக ஜெபித்தேன். மேஜை கிடைக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

ஆரஞ்சையே வாங்கினார்கள். மேஜை விஷயத்தை ஒப்பந்தக் கையெழுத்தெல்லாம் ஆனதும் பார்க்கலாம் என்றார்கள். பிறகு கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார்கள். அந்தக் குளிர்காலமும் மார்லிஸ் ஓட்டினாள். பனிநாட்களில் முடிந்தபோதெல்லாம் நான் முன்னால் போக, அவள் என் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வருவாள். மெழுகுவத்தி முன்சீட்டிலேயே இருந்தது.

பனி உருகுகிற சமயத்தில் கோரின் எங்களை அலுவலகத்துக்கு அழைத்தாள். கண் சிவந்திருந்தது. கட்டடத்தை விட்டுவிடப் போகிறார்கள் என்றாள். அவளும் இனி தன் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் வேலை பார்க்க வேண்டும். மற்றவர்கள் போன பிறகு மார்லிஸின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்க எழுதினதைத்தான் கூட்டத்துல படிச்சாங்க, மார்லிஸ். கார்லேர்ந்தே எல்லா வேலையும் முடியுதுன்னு நீங்களே எழுதியிருந்தீங்க.”

“ஆமா, எழுதினேன்.”

“நான் உங்களுக்காகப் பேசிப் பாத்தேன். சொல்லிக் குடுக்கிற வேலை உங்களுக்குத்தான்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா வீடுகளுக்கும் போகணுமாம். பக்கத்து வீடுகளா பாத்துப் போடறேன்.”

மார்லிஸ் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். “பரவாயில்லம்மா. நீயும் சமையலறையில ஒரு நல்ல நாற்காலி போட்டுக்க. முதுகு போயிடும்.”

சாமான்களை ஏற்றிப் போக லாரி வந்த அன்று, மேஜையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் உருளும் நாற்காலியைக் கோரின் மார்லிஸுக்குக் கொடுத்துவிட்டாள். நானும் கோரினும் அதைக் காரின் பின்பக்கம் ஏற்றினோம். ஜெரேனியத்தை மார்லிஸ் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். வீட்டில் அந்த நாற்காலியை இறக்கி வைக்க ஆள் இல்லை. அது காரிலேயே கிடந்தது.

ஆரஞ்சு எல்லா ஊர்க் கிளைகளுக்கும் போனது. நாள்காட்டியை யாரும் சரிசெய்யவில்லை. அதனால் எல்லோரும் மார்லிஸைத்தான் கூப்பிட்டார்கள். பேச சிக்னல் வேண்டும். ஏரிக்கரை வீட்டில் அது கிடையாது. காலை வீடுகளை முடித்துவிட்டு மதியம் அவள் மேட்டுக்கு வந்துவிடுவாள்.

ஜூன் மாதம் ஒருநாள் நான் அங்கே நிறுத்தியபோது அவள் காருக்குள் இல்லை. கல்லறைத் தோட்டத்து வேலியோரம், சரளைக் கல்லின்மேல், அந்த உருளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வழியில் போன ஒரு விவசாயியை நிறுத்தி இறக்கச் சொன்னாளாம். தேவாலயத்து வாளி ஒன்றைக் கவிழ்த்து, ஒரு காலை அதன்மேல் வைத்திருந்தாள். சரளையில் சக்கரம் உருளாது, காற்றடித்தால் மட்டும் நாற்காலி மெதுவாகத் திரும்பும். அவள் மறு காலை ஊன்றி அதை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வாள். காதில் போன். மறுமுனையில் வடக்கே எங்கோ ஒரு பெண் நாள்காட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினாள்.

பேசி முடிக்கட்டும் என்று கார்க் கதவில் சாய்ந்து நின்றேன். பிறகு, குளிர்காலம் வந்தால் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

“வரட்டும், பாத்துக்கலாம்,” என்றாள். கொசுவை அடித்தாள். “நீ முன்னாடி போவேல்ல?”

போவேன் என்றேன். அடுப்புக் கடிகாரத்தைச் சரியாக வைத்தாயா என்றும் கேட்டேன். அதற்குள் போன் மறுபடி அடித்தது. அவள் கண்ணை மூடித் திறந்துவிட்டு அதை எடுத்தாள்.